போக்குவரத்துக்கு இடையூறு: யாரால், யாருக்கு?

மதுரையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமென்றால் டிராபிக்கைப் பற்றி ஆரம்பித்தால் போதும். அரசியல் பேசினால் ஆள் எந்தக் கட்சி என்று பார்த்துப் பேச வேண்டும். சினிமா பேசினால் யாருடைய ரசிகர் என்று பார்க்க வேண்டும். டிராபிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டவர், சிம்மக்கல்லில் மாட்டிக்கொண்டவர், பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி வருவதற்குள் பொறுமை இழந்தவர் என்று எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். கதை முடிகிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ரோட்டை அடைச்சுக் கடை போட்டா எப்படிங்க? எல்லாத்தையும் தூக்கணும்.”

இந்த ‘எல்லாத்தையும்’ என்கிற சொல்லை நான் கவனித்துக் கேட்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தென்மாவட்ட நகரங்களில் தெருவோர வியாபாரமும் சாதியும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சொல்கிறவர் உண்மையில் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஜவுளிக்கடை வாசலில் நாலடி முன்னால் இழுத்துப் போட்டிருக்கும் தகரக் கொட்டகை அந்தப் பட்டியலில் இல்லை. நடைபாதை மேல் ஏற்றி நிறுத்திய கார் இல்லை. காதணி விழாவுக்கு வைத்து, விழா முடிந்து மாதமாகியும் எடுக்காத ஃபிளெக்ஸ் இல்லை. அவர் மனதில் இருப்பது சாக்கு விரித்துக் கொய்யா விற்கிற தரைக்கடையும், இட்லிச் சட்டி ஏற்றிய தள்ளுவண்டியும், முழம் போட்டுக் கொடுக்கிற பூக்கூடையும்தான்.

காவல்துறை அறிவிப்பில், நகராட்சி நோட்டீசில், வழக்கு மனுவில், குடியிருப்போர் சங்கத்துக் கோரிக்கையில் என்று எங்கும் வருகிற ஒரு தொடர் இருக்கிறது: ‘போக்குவரத்துக்கு இடையூறு’. சாதி, மதம் எதையும் கேட்காத, நாகரிகமான தொடர். யாரும் அதை மறுத்துப் பேச முடியாது. நெரிசல் வேண்டும் என்று யார்தான் சொல்வார்கள்? முன்பு வேறு சொற்களில் நடந்த ஒரு வேலை இன்று இந்தத் தொடரில் நடக்கிறது என்பதுதான் என் வாதம். அந்தப் பழைய வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சாலையில் யார் நடக்கலாம் என்பது இந்த நாட்டில் சிக்னல் விளக்கு தீர்மானித்த விஷயம் அல்ல. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924-ல் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். வரி வாங்கி, அரசுப் பணத்தில் போட்ட ரோட்டில் நடக்கலாம் என்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் வைக்கம். அங்கே கேட்டது கோயிலுக்குள் போவதை அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடப்பதை. கிறித்தவரும் இசுலாமியரும் போகலாம், ஆடு மாடு போகலாம், ஈழவரும் புலையரும் போகக் கூடாது என்ற சாலைகள். பெரியார் அதற்காக இரண்டு முறை சிறை போனார். 1925-ல் ஏற்பட்ட உடன்பாட்டிலும் மூன்று பக்கச் சாலைகள்தான் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்படியே நின்றது. அதுவும் திறக்க 1936-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வைக்கத்தை நாம் ‘கோயில் நுழைவுப் போராட்டம்’ என்று தவறாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது சாலைப் போராட்டம். இன்றைய மொழியில் சொன்னால், போக்குவரத்துப் போராட்டம்.

அம்பேத்கருக்கு இது தெரியும். அதனால்தான் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள் என்று போகிற வரிசையில் ‘சாலைகள்’ என்ற சொல் தனியாக இருக்கிறது. சரி, அது 1950. அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்த திருத்தத்தைப் படித்துப் பார்க்கலாம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புத்தாடை உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. சந்திரனுக்கு விண்கலம் அனுப்பி ஏழு ஆண்டுகள் ஆன பின், சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்காதே என்று நாடாளுமன்றம் சட்டம் எழுத வேண்டியிருந்தது.

எழுதியும் என்ன ஆனது? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் பொறுக்கவில்லை என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அடுத்த மாதம் ஸ்ரீவைகுண்டம் அருகே, பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனைப் பேருந்தை மறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். இரண்டும் சாலையில் நடந்தவை. ஒன்றில் பைக், இன்னொன்றில் பஸ். நம் செய்தித்தாள்கள் இவற்றைக் குற்றச் செய்தி என்ற தலைப்பில் போடுகின்றன. இவற்றைப் போக்குவரத்துச் செய்தியாகவும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யார் எந்த வண்டியில் எந்தச் சாலையில் எப்படிப் போகலாம் என்பது குறித்த ஒரு விதி அங்கே அமலில் இருக்கிறது. அந்த விதியை மீறியதற்குத்தான் தண்டனை.

பேருந்துக்கு வருவோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், மதுரைப் பக்கம் ஓடிய அரசுப் பேருந்துகளில் ‘பாண்டியன்’ என்று எழுதியிருக்கும், நெல்லைப் பக்கம் ‘கட்டபொம்மன்’. சேரன், சோழன், பல்லவன் எல்லாம் உண்டு. 1997-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கிளம்பின. பேருந்துகள் மீது கல் விழுந்தது, கலவரம் பரவியது, உயிர்கள் போயின. கடைசியில் அன்றைய திமுக அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்ற நடுநிலையான பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை இது. தலித் ஒருவரின் பெயர் ஓடக் கூடாது என்பதற்காகப் பாண்டியனும் சோழனும் இறங்கிப் போனார்கள்.

அதே 1997, ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பினார். பேருந்தை வழியில் நிறுத்தி அவர் உள்ளிட்ட ஆறு பேரைக் கொன்றார்கள். பேருந்து மதுரைக்குள் இருந்த வரை அவர் ஒரு பயணி. ஊர் எல்லை நெருங்க நெருங்க அவர் என்னவாக ஆனார் என்பதை யோசித்துப் பார்த்தால், நகரத்து நெரிசல் நமக்கு என்ன தருகிறது என்பது புரியும்.

நெரிசல் நமக்கு ஒன்றைத் தருகிறது. இதை டிராபிக்கைத் திட்டுகிற நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை. மாட்டுத்தாவணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால், முட்டியோடு முட்டி இடிக்க எட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். என் மடியில் யாரோ ஒருவரின் காய்கறிப் பை இருக்கும். பக்கத்தில் இருக்கும் அம்மா தூங்கி என் தோளில் சாய்வார். யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கேட்க நேரமில்லை, காற்றும் இல்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் இரண்டாவது கேள்வியிலேயே “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று வந்துவிடும். மூன்றாவது கேள்வி “கறி சாப்பிடுவீங்களா?” என்பது. ஷேர் ஆட்டோவில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்திருக்கிறது: “கொஞ்சம் தள்ளி உக்காருங்க.” கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று அம்பேத்கர் ஏன் சொன்னார் என்பதை நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது பாதி, ஷேர் ஆட்டோவில் தெரிந்துகொண்டது மீதி.

தமிழில் ‘போக்குவரத்து’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. “அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்ல” என்போம். பேச்சு வார்த்தை இல்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை, கை நனைப்பதில்லை என்று அர்த்தம். சாதி என்பதே இந்த இரண்டாவது பொருளில் போக்குவரத்தை நிறுத்தி வைக்கிற ஏற்பாடுதான். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு டவுன் பஸ், ஒரு டீக்கடை வாசல், ஒரு தரைக்கடை ஆகியவை அந்த ஏற்பாட்டில் விழுந்த சிறு ஓட்டைகள். 2021 மே முதல் சாதாரண டவுன் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும், இந்த ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதானது. பூக்கூடை, கீரைக்கட்டு, மீன் பாத்திரம் எல்லாம் ஊருக்குள் தடையின்றி வரத் தொடங்கின. ஒரு அமைச்சர் ‘ஓசி’ என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கும்.

மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் மாட்டிறைச்சி கொண்டுபோன ஒரு முதிய தலித் பெண்ணை அரசுப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள் என்பது உண்மை. பேருந்து சமத்துவபுரம் அல்ல என்பதும் உண்மை. நிறுத்தங்களின் பெயரையே பாருங்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் “காலனி ஸ்டாப்ல இறங்குறவங்க முன்னாடி வாங்க” என்று நடத்துநர் குரல் கொடுக்கும்போது படிக்கட்டுப் பக்கம் நகர்கிற பள்ளிக்கூடப் பெண்ணை மொத்தப் பேருந்தும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அது ஆவணத்தில் இருக்கும் சொல் அல்ல.

இந்தச் சின்ன ஓட்டைகளைத்தான் இப்போது ‘இடையூறு’ என்று அடைக்கிறார்கள்.

தென்மாவட்டத்தில் நான் களப்பணி செய்கிற நகரங்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், என்னிடம் பேசியவர்கள் அங்கேதான் பிழைக்க வேண்டும், மார்க்கெட்டை ஒட்டிய சாலையில் ஐம்பது அறுபது தரைக்கடைகள் இருந்தன. கொய்யா, வெள்ளரி, கருவாடு, பிளாஸ்டிக் குடம், பூ. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் பக்கத்துக் கிராமங்களின் சேரிகளிலிருந்து முதல் பேருந்தில் வருகிறவர்கள். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஜேசிபி வந்தது. முன்னறிவிப்பு என்று எதுவும் இல்லை. சாக்கு, குடை, தராசு எல்லாம் லாரியில் ஏறின. தராசை மட்டும் கேட்டு வாங்க ஒரு அம்மா மூன்று நாள் அலைந்தார். அபராதம் கட்டினால் தருகிறோம் என்றார்களாம். “ஏன் தாயி, நான் ரோட்டுலயா உக்காந்தேன்? சாக்கடை மூடி மேலதான உக்காந்தேன்” என்று என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. நான் அளந்து பார்த்தேன். அவருடைய சாக்கு சாலையின் தார்ப்பரப்பைத் தொடவே இல்லை. எதிர்வரிசைப் பாத்திரக்கடை போட்டிருக்கும் கொட்டகை தார்ப்பரப்புக்குள் இரண்டரை அடி வந்திருந்தது. ஜேசிபி அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. சாலையின் வாயில் ஒரு சாதிச் சங்கத்தின் வரவேற்பு வளைவு நிற்கிறது. அதன் தூண் இருக்கும் இடத்தில் இரண்டு வண்டி ஒதுங்க முடியாது. அதையும் சுற்றிக்கொண்டுதான் ஜேசிபி உள்ளே வந்திருக்க வேண்டும்.

காலி செய்த இடம் அடுத்த வாரமே இருசக்கர வாகன நிறுத்தமானது. நெரிசல் குறைந்ததா என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் போன நாட்களில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நகரத்துக்குக் கொய்யா விலை மட்டும் ஏறியது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்காகப் பேசுகிற தோழர்களுக்கும் பல நேரம் தெரியவில்லை. தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும் வரை ஒருவரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகும், இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டுமானால் முப்பது நாள் முன்னறிவிப்பு. குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த ஆட்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் உரிய இடம் தர வேண்டும்.

கவனியுங்கள், சாலையில் யார் உட்காரலாம் என்பதை முடிவு செய்யும் குழுவில் ஒரு தலித் கருவாட்டுக்காரம்மா ஓட்டு வாங்கி உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது. நம் ஊரில் எத்தனை கோயில் கமிட்டியில், எத்தனை வணிகர் சங்கத்தில், எத்தனை குடியிருப்போர் சங்கத்தில் இது நடக்கும்? இந்தச் சட்டத்தை நான் நலத்திட்டமாகப் பார்க்கவில்லை. 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தொடர்ச்சியாகப் பார்க்கிறேன். அன்று நடக்க உரிமை, இன்று நிற்கவும் உட்காரவும் உரிமை. நான் பேசிய அந்த அம்மாவிடம் இப்படி ஒரு குழு இருப்பது தெரியுமா என்று கேட்டேன். “மார்க்கெட் குத்தகைக்காரரு ஆளையா சொல்ற?” என்றார். தினமும் வந்து காசு வாங்கிப் போகிறவரைத்தான் அவர் அரசாங்கம் என்று நினைத்திருக்கிறார்.

‘அப்படியானால் நடைபாதை நடப்பவர்களுக்கு இல்லையா?’ என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான், பதில் சொல்ல வேண்டும். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நடந்து போகிறவர்களைக் கொல்வது வெள்ளரிக்காய்க் கூடை அல்ல, வேகம். நடைபாதையே போடாத சாலைகள், கடக்க வழியில்லாத நாற்கரச் சாலைகள், இருந்த நடைபாதையையும் தின்றுவிட்ட கார் நிறுத்தங்கள். மதுரையில் நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். மேலே காரில் போகிறவருக்கு நல்ல வசதிதான், நான் மறுக்கவில்லை. நடந்து போகிறவருக்காக அந்த அளவு பணத்தையும் அக்கறையையும் செலவழித்த ஒரு திட்டத்தை எனக்கு யாராவது காட்டட்டும். நடப்பவரையும் விற்பவரையும் மோதவிட்டுக் கார் ஒதுங்கி நிற்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக நடக்கிற சாலையில், வரிசையாகப் பூக்காரம்மாக்கள் உட்கார்ந்திருப்பதற்கும் காலிச் சுவர் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அதற்கு ஆய்வு தேவையில்லை.

சாலையை மறிப்பதே தப்பு என்று இந்தச் சமூகம் உண்மையில் நம்புகிறதா என்றும் பார்க்கலாம். மதுரையின் வரைபடமே தேர் ஓடுவதற்காகப் போட்டதுபோல இருக்கும். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடும்போது நகரமே நிற்கும். யாருக்கும் அது இடையூறு அல்ல. எனக்கும் அல்ல. விடிய விடிய லட்சக்கணக்கானவர்கள் ரோட்டில் நடந்து, ரோட்டில் உட்கார்ந்து, ரோட்டில் தூங்குகிற அந்த ஊர் எனக்குப் பிடிக்கும். எதிர்சேவைக்கு எந்த மண்டகப்படி எந்தச் சாதிக்கு உரியது என்ற கணக்கு அதற்குள்ளும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேதான் பிடிக்கும். தலைவர்கள் வந்தால் சாலை நிற்கும். குருபூசை என்றால் மாவட்டமே பாதை மாறும். கல்யாண மண்டபத்து வாசலில் பேண்டு வாசித்து அரைமணி நேரம் மறிப்பதை, மாப்பிள்ளை யார் என்று தெரிந்தபின், போக்குவரத்துக் காவலரே ஓரமாக நின்று பார்ப்பார்.

இதையும் அதன் பக்கத்தில் வையுங்கள். 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாள். பரமக்குடி ஐந்துமுனைச் சாலைச் சந்திப்பில் தலித்துகள் மறியலில் உட்கார்ந்தார்கள். ஜான் பாண்டியனை விடுதலை செய்யக் கோரிய மறியல். தமிழ்நாட்டில் மறியல் பார்க்காத சந்திப்பு ஒன்று உண்டா? தண்ணீர் வரவில்லையென்றால் குடம் வைத்து மறிப்போம், பேருந்து நிற்கவில்லையென்றால் மறிப்போம். தாசில்தார் வந்து பேசுவார், கலைவோம். பரமக்குடியில் துப்பாக்கி பேசியது. ஆறு பேர் செத்தார்கள். 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த பேரணி தாமிரபரணியில் பதினேழு பிணங்களோடு முடிந்தது. அதுவும் ஒரு சாலைதான், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலை.

அண்மைக்கு வந்தால், 2025 ஆகஸ்ட். சென்னையில் இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நடைபாதையையும் சாலையையும் மறிக்கிறார்கள் என்று வழக்கு வந்தது. அனுமதியில்லாத இடத்திலிருந்து அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் இழுத்துப் பேருந்துகளில் ஏற்றினார்கள். அந்த நடைபாதையை விடிகாலையில் கூட்டுவது யார்? கூட்டலாம், உட்காரக் கூடாது. குனிந்து இருக்கும்வரை அவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள், நிமிர்ந்து உட்கார்ந்த அன்று இடையூறு ஆகிவிடுவார்கள். நீதிமன்றம் சாதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னது என்பதுதான் என் பிரச்சினை.

இதே தர்க்கத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உத்தபுரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள். பாதையை மறித்து நின்ற சுவர். சொல்லின் நேரான பொருளில் அதுதான் போக்குவரத்துக்கு இடையூறு. அந்தச் சொல் அதற்கு வந்து ஒட்டியதாக எனக்கு நினைவில்லை. அதை ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்றார்கள்.

ஆகவே, டிராபிக்கைப் பற்றிப் பேசும் நம் தோழர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சாதி ஒழிப்பை நாம் கோயில், தேநீர்க்கடை, சுடுகாடு, ஆணவக்கொலை என்ற வரிசையில் பேசிப் பழகியிருக்கிறோம். நடைபாதையின் அகலம், பேருந்து எந்தத் தெரு வரை வருகிறது, நிழற்குடை எந்தப் பக்கம் நிற்கிறது, வண்டி நிறுத்தம் எங்கே, தரைக்கடைக்கு எத்தனை அடி என்பதெல்லாம் பொறியாளர்களின் விஷயம் என்று விட்டுவிட்டோம். அந்த மேசையில் வணிகர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் வழக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. மேம்பாலம் எங்கே இறங்க வேண்டும் என்பது வரை அவர்கள் மனுக் கொடுக்கிறார்கள். நாம் ஜேசிபி வந்த பிறகு கண்டன அறிக்கை கொடுக்கிறோம்.

செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று இருக்கிறது. நான் ஆய்வு செய்கிற நகரங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் சில கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊருக்கும் அதையே அனுப்பலாம். நகர விற்பனைக் குழுவுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்த தேதி என்ன? தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? கடைசிக் கணக்கெடுப்பு எப்போது, அதில் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர்? கடந்த மூன்றாண்டுகளில் அகற்றப்பட்ட தரைக்கடைகள் எத்தனை, அதே சாலையில் அகற்றப்பட்ட நிரந்தரக் கடைகளின் கொட்டகைகள், வளைவுகள், கொடிமேடைகள் எத்தனை? கடைசிக் கேள்வியைத் தெரு வாரியாகக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகப் பதில் தந்து முடித்துவிடுவார்கள். பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம் என்று முகவரி. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.